ஏழு நாற்காலியில் ஒருத்தி

நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் நாற்காலிகள் ஏழு. உட்கார ஆள் ஒருத்திதான். அவளை ஊரில் எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் குடை இல்லாத நாள் உண்டு, தண்ணீர் பாட்டில் இல்லாத நாள் உண்டு, ஐம்பது மீட்டர் அளவு டேப் இல்லாத நாள் கிடையாது. வீடு கட்டப்போகிற இடத்துக்குப் போவாள். டேப்பின் ஒரு முனையை மனைக்காரர் கையில் கொடுத்து, மறுமுனையை இழுத்துக்கொண்டு முள்ளு, சேறு பார்க்காமல் நடப்பாள். "நீங்க அசையாதீங்க, பூமி அசையாது" என்பாள். அந்த ஒரு வேடிக்கைக்கே சனங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதெல்லாம் முதல் சில வருஷம்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஏழு பேரும் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருவர் செத்துப்போனார். இரண்டு பேர் கட்டுமானக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மாற்றல் வாங்கினார். படம் வரைகிற பெண் பிரசவ விடுப்பில் போனவள் திரும்பவே இல்லை. போன இடத்தில் எல்லாம் ஆள் போடாமல், போனவருடைய வேலையைக் "கூடுதல் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதி இவள் தலையில் கட்டினார்கள். கடைசியில் மேசை இழுப்பறையில் மூன்று ரப்பர் முத்திரை சேர்ந்தது. ஆய்வாளராக ஒரு கோப்பில் குறிப்பு எழுதுவாள். வரைபடப் பரிசோதகராக அதே கோப்பில் தனக்குத்தானே கேள்வி கேட்பாள். மறுபடி ஆய்வாளராகிப் பதில் எழுதுவாள். கடைசிக் கையெழுத்துப் போட வேண்டிய நகரமைப்பு அலுவலரோ மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே ஆள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வியாழக்கிழமை வர வேண்டும். வந்தால் வந்தார்.

ஆபீசுக்கு ஜீப் ஒன்று உண்டு. ஓட்டுநர் இடம் காலி. ஜீப்பின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அவள் பஸ்ஸில்தான் மனை பார்க்கப் போவாள். ஒரு நாளைக்கு மூன்று இடம் பார்த்தால் பெரிய விஷயம். அவள் கணவன் பஸ் டிரைவர்.

"ஊரையே ஏத்திக்கிட்டுப் போறேன், என் பொண்டாட்டி மட்டும் நிறுத்தத்துல காய்ஞ்சுக்கிட்டு நிக்கிறா" என்று சிரிப்பான்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. நாளைக்கு வந்து அந்தக் கவுண்டர்ல ஒரு மணி நேரம் உட்காருங்க, தெரியும்" என்பாள்.

கவுண்டரில் கிடைத்ததெல்லாம் ஏச்சுதான். வீட்டுக்கு மனுப்போட்டவன் ஒன்றரை வருஷம் கழித்து வந்து நின்றால் பூவா போடுவான்? "காசுக்காக இழுத்தடிக்கிறியா?" என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான். ஒரு கிழவர் விண்ணப்ப ரசீதைக் கிழித்து அவள் மேசையில் வீசிவிட்டுப் போனார். அறுநூற்றுச் சொச்சம் கோப்பு சுவரோரம் இடுப்பளவுக்கு நின்றது. ஆள் கேட்டு நாலு வருஷத்தில் பத்தொன்பது கடிதம் எழுதினாள். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இதற்கு நடுவில் நகரசபைத் தலைவர் வாசலில் பெரிய பலகை வைத்தார்: ஐந்து ஆண்டில் ஆயிரம் வீடுகள். பலகையில் சிரித்த தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் தினமும் உள்ளே போனாள்.

அந்தக் குவியலில் ஒரு கோப்பு முப்பத்தாறு வீட்டுக்கானது. பழைய கிடங்குத் தெருவில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்து, ஊரோரம் நிலம் வாங்கி, வரிசை வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். சங்கத்தின் தலைவி ஒரு தையல்காரம்மா. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். திங்கட்கிழமை தவறாமல் வருவாள்.

"என்ன மேடம், எங்க வீடு எந்திரிச்சுதா, இன்னும் தூங்குதா?"

"உங்களுக்கு முன்னாடி நூத்தி எண்பது பேர் இருக்காங்கம்மா."

"போன மாசமும் நூத்தி எண்பதுதான் சொன்னீங்க."

அது உண்மை.

இருபத்தாறு மாசம் ஓடியது. மழைக்காலம் வந்தது. நாலு நாள் விடாமல் பெய்த மழையில் கிடங்குத் தெருவில் ஒரு சுவர் ஊறிப்போய், பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. விழுந்தது தையல்காரம்மாவின் அறைச் சுவர். காவல் வேலை முடித்துவிட்டு வந்து படுத்திருந்த அவள் கணவனின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே மூன்று இடத்தில் எலும்பு முறிவு.

மறுநாள் திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் தையல்காரம்மா வந்தாள். முந்தானையில் சுண்ணாம்புத் தூசி அப்படியே இருந்தது. கவுண்டரில் நிற்கவில்லை. தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

"எங்க அந்தக் கோப்பு? எடு. நான் பார்க்கணும். என் புருஷன் கால் நசுங்கினதுக்கு அப்புறமாவது அது எங்க கிடக்குதுன்னு நான் பார்க்கணும்!"

"அம்மா, கொஞ்சம் உட்காருங்க..."

"உட்கார வைக்காதே! ரெண்டு வருஷமா உட்கார வைச்சுதானே எங்களைச் சாகடிக்கிறீங்க? ஒரு கையெழுத்து! அதைப் போட உனக்குக் கை வலிக்குதா?"

டேப் அக்காவுக்கும் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "என்னை மட்டும் ஏன் கேக்குறீங்க? சுத்திப் பாருங்க! இங்க யார் இருக்கா?" என்று கத்திவிட்டாள்.

தையல்காரம்மா சுற்றிப் பார்த்தாள். இத்தனை நாளும் கவுண்டர் சன்னல் வழியாகப் பார்த்தவளுக்கு ஒரு மேசைதான் தெரிந்திருந்தது. இப்போதுதான் மற்ற ஆறு மேசையையும், அதன் மேல் கவிழ்த்துப் போட்டிருந்த நாற்காலிகளையும் பார்த்தாள். விரலால் ஒரு மேசையைத் தடவினாள். தூசி கோடாக வந்தது.

"இதெல்லாம் யாரோடது?"

"யாரோடதும் இல்ல."

"எத்தனை நாளா?"

"இது ஏழு வருஷம். அது அஞ்சு. அந்த மூலையில இருக்கிறது நாலு."

தையல்காரம்மா ஒரு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து அழுதாள். டேப் அக்கா கோப்புக் குவியலுக்குள் கையை விட்டு, முப்பத்தாறு வீட்டுக் கோப்பைத் தேடி உருவினாள். வரிசையை மீறுவது அவளுக்குப் பிடிக்காத காரியம். இடிகிற சுவருக்கு அடியில் ஆள் படுத்திருக்கும்போது வரிசையாவது மண்ணாவது என்று நினைத்தாள்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்து மனைக்குப் போனாள். டேப்பின் மறுமுனையைத் தையல்காரம்மா பிடித்தாள். அளந்து முடித்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தபோது டேப் அக்காவின் முகம் சுண்டிப்போனது. கடைசி வரிசை வீடுகள் பழைய வாய்க்கால் கரைக்கு ரொம்பவே நெருக்கமாக வந்தன. மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒன்றரைகூட இல்லை.

"இதை இப்படியே விட முடியாதும்மா. படம் தப்பு."

"கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்கக்கா. ஒன்றரை மீட்டர்ல என்ன வந்துடப் போகுது?"

"மழையில மண்ணு இறங்கும். இன்னொரு சுவர் விழுறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை அடிச்சாலும் சரி."

தையல்காரம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"படம் வரைஞ்சவர் உட்கார்ந்தா ஒரு நாள்."

"ஒரு நாளா? அப்ப இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா..."

ஒரு நாள் வேலை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம். இருபத்தாறு மாசம் அது கட்டுக்குள் கிடந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

அந்த வாரமே நகரசபைக் கூட்டம். அதிகாரிகள் பின்வரிசையில் கோப்போடு உட்கார வேண்டும். கேட்டால் பதில் சொல்லலாம், தானாக எழுந்து பேசக் கூடாது. கிடங்குத் தெருச் சுவரைப் பற்றி ஒரு உறுப்பினர் கேட்டார். தலைவர் ஒலிபெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் ஆயிரம் வீடு கட்டணும்னு கனவு காண்றேன். நம்ம அதிகாரிங்க தூங்குறாங்க. சோம்பேறித்தனத்தை இனிமே பொறுத்துக்க மாட்டேன்."

சபையில் மேசையைத் தட்டினார்கள். டேப் அக்கா எழுந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி முன்வரிசைக்கு வந்தாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. கையில் வருகைப் பதிவேடு இருந்தது. அதைத் தலைவர் முன்னால் விரித்துப் போட்டாள்.

"படிங்க. ஏழு வரிசை. எத்தனை பேர் கையெழுத்து இருக்குன்னு நீங்களே சத்தமாப் படிங்க."

"நீ உட்காரும்மா."

"உட்கார்ந்துதான் இருக்கேன். ஏழு பேர் வேலையையும் பார்த்துக்கிட்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கேன். பத்தொன்பது கடிதம் எழுதினேன். ஒண்ணையாவது பிரிச்சீங்களா? தூங்குறது யாருங்க? பலகை வைக்க ஆள் இருக்கு, பலகைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் இருக்கு. வீட்டுக்கு அனுமதி குடுக்க ஆள் இல்ல. ஒருத்தர் கால் போச்சு. அந்தக் காலுக்கு யார் பொறுப்பு, நானா நீங்களா?"

கூட்டத்தை ஒத்தி வைத்தார்கள்.

சபையின் கண்ணியத்தைக் குலைத்ததற்காக மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அவளுக்கு ஓலை வந்தது. அதைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, அவள் மேசைக்குக் கொண்டு வந்து சேர்க்க இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. அந்த வேலைக்கு மட்டும் ஆள் இருந்தார்கள். அவள் நாலு பக்கம் விளக்கம் எழுதி, பத்தொன்பது கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கட்டி அனுப்பினாள்.

கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போனாப் போகட்டும் விடு, நான் இருக்கேன்" என்றான்.

"போகட்டும்னு ஏன் விடணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அவனிடமும் எரிந்து விழுந்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான்.

சபையில் நடந்தது கிடங்குத் தெருவுக்கு எட்டியது. அடுத்த திங்கள் ஆபீஸ் திறந்ததும் தையல்காரம்மாவோடு ஐந்து பேர் வந்தார்கள். கவிழ்த்திருந்த நாற்காலிகளை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. தையல்காரம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஒரு கொத்தனார் கவுண்டருக்கு வந்தவர்களிடம் படத்தில் எது சன்னல், எது நிலைக்கதவு என்று சொல்லிக் கொடுத்தார். நகரசபை மேலாளர் ஓடி வந்தார்.

"இங்க உட்காரக் கூடாது. இது ஊழியர் இடம்."

"அப்படியா சார்? ஊழியரைக் கூப்பிடுங்க, எந்திரிச்சுக்கிறோம்" என்றாள் தையல்காரம்மா.

மேலாளர் டேப் அக்காவைப் பார்த்தார். அவள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் வேறு ஆறு பேர். அதற்கு மறுநாள் இன்னும் ஆறு பேர். முப்பத்தாறு குடும்பம், முறை வைத்து வந்தார்கள். கவுண்டரில் திட்ட வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர், "எனக்கும் ஒரு நாள் முறை போடுங்க" என்றார்கள். ரசீதைக் கிழித்து எறிந்த கிழவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். எழுந்து போகும்போது டேப் அக்காவிடம், "அன்னைக்கு ஆத்திரத்துல..." என்று ஆரம்பித்து முடிக்காமல் போனார். ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார்.

ஒன்பதாவது நாள் இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். வேறு ஊரிலிருந்து தற்காலிகமாக, நாலு மாசத்துக்கு. நகரமைப்பு அலுவலர் வாரம் தவறாமல் வர வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். திருத்திய படம் தயாராக இருந்தது. கடைசி வரிசை வாய்க்காலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றது. அந்த வியாழனே முப்பத்தாறு வீட்டுக்கும் அனுமதி கையெழுத்தாயிற்று. அனுமதிக் கடிதத்தைத் தலைவர் தன் கையால் தையல்காரம்மாவிடம் கொடுப்பதாகப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் தலைவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் டேப் அக்காவைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணம் என்று எழுதியிருந்தது. அவள் மேல்முறையீடு போட்டிருக்கிறாள். அதைப் பார்க்க வேண்டிய பிரிவில் இரண்டு இடம் காலி, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தற்காலிகமாக வந்த இருவரும் நாலு மாசம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அனுமதிப் பிரிவை இப்போது வரி வசூல் பிரிவு ஊழியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவருக்கு மனை அளக்கத் தெரியாது. பாவம், அவரும்தான் ஏச்சு வாங்குகிறார்.

முப்பத்தாறில் பன்னிரண்டு வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று. தையல்காரம்மாவின் கணவன் ஊன்றுகோலோடு வந்து, மணல் மூட்டையில் உட்கார்ந்து சித்தாள்களை அதட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் அக்காவும் அவள் கணவனும் பார்க்கப் போனார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் கைகூப்பி, "நீங்க சாதிச்சுக் காட்டிட்டீங்கக்கா" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "என்னத்தைச் சாதிச்சேன்? ஒரு மாசத்துல முடிய வேண்டிய வேலை. ரெண்டு வருஷமும் ஒரு மனுஷன் காலும் போச்சு. இன்னும் அறுநூறு பேர் கோப்பு அங்கேயே கிடக்கு. அவங்க வீட்டுச் சுவரெல்லாம் எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

கைகூப்பியவர் கையை இறக்கினார். தையல்காரம்மா வந்து அவள் தோளைப் பிடித்து, "அக்கா, சமையலறை எவ்வளவு பெரிசுன்னு வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். அவள் போனாள், பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அந்தக் கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.