நான்கு மூலையிலும் தங்கம்

என் மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கும் பொறுப்பை மாப்பிள்ளையின் அக்கா தானாகவே ஏற்றுக்கொண்டார். வரக்காப்பொலையில் கடை வைத்திருக்கும் குடும்பம். “தோட்டத்துல எங்க போய் அடிப்பீங்க மாமா? ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நாங்களே அடிச்சிடுறோம்” என்று தொலைபேசியில் சொன்னார். எங்கள் தேயிலைத் தோட்டம் கொடகவெலைக்கு மேலே இருக்கிறது, நிலாவில் இல்லை. ஆனாலும் அந்தக் கருணைக்கு நான் நன்றி சொன்னேன்.

மகள் சொல்லவில்லை. “என் கல்யாணத்துக்கு என் கார்டுதாம்ப்பா. வெள்ளிக்கிழமை அவங்க வரும்போது கையில குடுப்போம். வாங்க மாட்டேன்னா அப்புறம் அவங்களே அடிக்கட்டும்.”

அவள் செய்ய நினைத்தது எம்போஸிங். சீக்கிரம் காயாத மையில் முத்திரை குத்தி, அதன்மேல் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்ட வேண்டும். தூள் உருகி, விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக எழும். குத்துவிளக்குக்கும் எழுத்துக்கும் தங்கத்தூள், சுடருக்குச் செம்புத்தூள். கைபேசி வீடியோவில் ஒரு பெண் இதைச் சிரித்துக்கொண்டே செய்து முடிக்கிறார். அவர் ஊரில் மழை பெய்வதில்லை போலிருக்கிறது. எங்கள் இரத்தினபுரிப் பக்கம் அட்டையும் உப்பும் தீப்பெட்டியும் ஒரே ஈரத்தில்தான் குடித்தனம் செய்கின்றன. ஈரம் இருக்கும் இடமெல்லாம் தூள் ஒட்டும். நான் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்ப்பவன். ஈரத்தையும் சூட்டையும் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம். எனவே மேற்பார்வையை நானே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அட்டைகளை வெட்டி, ஈரம் போக முகப்பவுடர் பூசித் துடைத்து, மேசையில் வரிசையாகப் பரப்பினேன். பிறகு சூட்டுக்காற்று அடிக்கும் துப்பாக்கியை இரவல் வாங்க நானும் மகளும் கொடகவெலைக்குப் போனோம். கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரர் கொடுத்தார். “ஹெமின், ஹெமின், அங்கிள். கிட்ட வச்சா பத்திக்கும்.” மெதுவாக என்று சொல்லச் சிங்களம், பயமுறுத்தத் தமிழ்.

திரும்பி வந்தபோது, எங்களோடு வசிக்கும் என் அக்கா ஒவ்வொரு அட்டையின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தடவி முடித்திருந்தார். பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது வழக்கம்தான். அச்சடித்த பிறகு.

“இன்னும் ஒரு எழுத்துகூட இல்லையே அத்தை!” என்று மகள் கத்தினாள்.

“எழுத்து எப்ப வேணாலும் வரும்டி. நல்ல நேரம் நீ வர்ற வரைக்கும் நிக்குமா?”

வேறு அட்டை இல்லை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முத்திரை குத்தினாள். தூளைத் தூவித் தட்டினால், விளக்கில் அளவாகவும் ஈர மூலைகளில் தாராளமாகவும் ஒட்டியது. தூரிகையால் எடுக்கப் பார்த்தேன், மஞ்சள் விடவில்லை. சூடு காட்டினோம். நான்கு மூலையும் தடித்த தங்கமாக எழுந்தன.

“சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு” என்றார் அக்கா, யாரோ அவரிடம் கருத்துக் கேட்டதைப் போல.

வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அக்கா விளக்கைத் தடவினார், சுடரைத் தடவினார். “எந்த பிரஸ்?”

“இந்த மேசைதாங்க” என்றாள் மகள்.

சம்பந்தியம்மா மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கங்க மஞ்சள்? மஞ்சள் வைக்காத பத்திரிகைய எப்படி வாங்குறது?” தட்டை எங்கள் பக்கமே தள்ளிவைத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். மேற்பார்வையாளனான நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா எழுந்து வந்து ஒரு மூலையை நகத்தால் சுரண்டினார். தங்கம் செதிலாகப் பெயர்ந்தது. அடியில் பளிச்சென்று மஞ்சள். “எழுத்துக்கு முந்தியே வச்ச மஞ்சள்ங்க. எந்த பிரஸ்ல இப்படி வைப்பாங்க?”

சம்பந்தியம்மா நம்பிவிடவில்லை. மற்ற மூன்று மூலைகளையும் தன் கையாலேயே சுரண்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டை வாங்கினார். மகள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

“அப்ப எங்க பக்கத்துக்கும் தங்கச்சியே செய்யட்டும் மாமா” என்றார் மாப்பிள்ளையின் அக்கா. “மூலைய மட்டும் சுரண்டியே குடுத்திடுங்க. அம்மா சைட்ல எல்லாரும் கேப்பாங்க.”

இப்போது மேசையின் ஒரு பக்கத்தில் நானும் மகளும் தங்கம் ஏற்றுகிறோம். மறு பக்கத்தில் அக்கா, நகம் வளர்த்து, அதைச் சுரண்டி எடுக்கிறார்.