நாவல் மரத்தைச் சுற்றிய ரயில்

என் சித்தி பூங்கா வரைகிறவள். அம்மாவின் தங்கை. அதற்கென்றே சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள். அந்தப் படிப்பின் பெயர் அப்பாவுக்கு வாயில் நுழையவே இல்லை. "செடி நடுததுக்கும் ஒரு பட்டமா?" என்று சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பார். சித்தி அப்பளத்தை நொறுக்குவாள்.

சொந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, தச்சநல்லூரில் எங்கள் தெருமுனைக் காலி மனையைப் பூங்காவாக்குவது. முள்ளை வெட்டியதும் படம் வரைய உட்காருவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளோ கோலப்பொடி டப்பாவோடு கிளம்பினாள். ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த தடங்களின் மேல் சாயங்காலந்தோறும் பொடியைத் தூவினாள். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கோடு, ரேஷன் கடைக்கு ஒரு கோடு.

"ஆளு நடக்குத எடத்துலதான் பாதை போடணும்ட்டி. நாம போட்ட எடத்துல ஒருத்தரும் நடக்க மாட்டாவ" என்றாள் என்னிடம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மனையின் மூலையில் ஒரு நாவல் மரம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டால் நானும் என் கூட்டாளிகளும் அதன்மேல்தான் குடியிருப்போம். ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியர் அந்த மூலையைக் காட்டி, "இங்கன யாரும் வாரதில்ல. மரத்த வெட்டிட்டு மோட்டார் ரூம் கட்டிரலாம்" என்றார். சித்தி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு கோடும் இல்லை. நாங்கள் சுற்றுச்சுவரில் ஏறி அப்படியே கிளைக்குத் தாவுகிறவர்கள். எங்களுக்குத் தடம் ஏது?

"இன்னும் ரெண்டு வாரம் பாப்போம் சார்" என்றாள் சித்தி.

தடம் விழாவிட்டால் மரம் போய்விடும். மறுநாளே ரயில் விட்டோம். ஏழு பேர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தெருவிலிருந்து மரம் வரை போய், அதை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவோம். சித்தி இல்லாத நேரம் பார்த்துத்தான். முள் குத்தி எவன் அழுதாலும் வண்டி நிற்காது. நானே இன்ஜின், நானே ஸ்டேஷன் மாஸ்டர். பத்து நாளில் புல் செத்து மண் தெரிந்தது.

இன்ஜினியர் மறுபடி வந்த அன்று, சித்தி அந்தத் தடத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்ணில் கையை விரித்து எதையோ சாண் போட்டு அளந்தாள். சுவரோரம் நின்ற என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எழுந்து, மரம் வரைக்கும் பைய பொடியைத் தூவிக்கொண்டே போனாள்.

"இங்கனயும் ஆளு நடக்காவ சார். பாதை போட்டாகணும்."

மோட்டார் அறை எதிர் மூலைக்குப் போனது. மரம் பிழைத்தது. என் நிம்மதிதான் போயிற்று. சித்தியின் முதல் வேலையிலேயே பொய்யைக் கலந்துவிட்டேனே என்று மருகினேன். பூங்கா திறந்த பிறகு அந்தப் பாதையில் பெரியவர்கள் ஒருவரும் நடக்கவில்லை. எப்படி நடப்பார்கள்? மரத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிற பாதை அது. மரத்தடியில் போட்ட கல் பெஞ்சும் முழங்காலுக்கு வெகு கீழே இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திரிக்கத் தவித்த அப்பா, "கொத்தனாரு அளவ விட்டுட்டான், உன் தங்கச்சியும் கவனிக்கல" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சித்தியும் கூடவே சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்தேன். வரவில்லை.

போன மாதம் என் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். ஏழு வயது அவளுக்கு. அந்தப் பாதையில் மரத்தை மூன்று சுற்று ஓடிவிட்டு, மூச்சிரைக்கப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன.

சித்தி அன்று சாண் போட்டு அளந்தது எங்கள் காலடித் தடங்களை என்று அப்போதுதான் விளங்கியது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளை ஏமாற்றிவிட்டேன் என்பது மட்டும்தான்.