அடைப்பு வீடு

ஒரு குழந்தை சோறு தின்ன அடம்பிடித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் அதை வைத்திருந்தவள் எங்கள் பழைய வீட்டைக் கை காட்டி, "இப்ப வாயத் தொறக்கல, அடைப்பு வீட்டுப் பொம்பள வந்துடுவா" என்றாள். குழந்தை உடனே வாயைத் திறந்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பையோடு தெருமுனையில் நின்றேன்.

அந்தப் பொம்பளை என் அம்மா. பதிமூன்று வருஷமாக அவளைச் சொல்லித்தான் இந்தத் தெருவில் சோறு ஊட்டுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு அறை விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் நேற்று இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். அறை வாங்க வேண்டியவர் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில், வாடகை வீட்டில், ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் அப்பா.

அப்பா வீட்டை விற்க இருந்தார். நான் வேலூரில் வேலையில் இருந்தேன். கையெழுத்துப் போட வரச் சொல்லி போன் செய்தவர், கூடவே இன்னொன்றும் சொன்னார். வாங்கி இடித்துக் கட்டப்போகிறவர் பயப்படுகிறாராம். அதனால் வெள்ளிக்கிழமை ஓர் ஆள் வந்து பூஜை போட்டு, அம்மாவை ஓர் எலுமிச்சம்பழத்தில் இறக்கி, ஏரியில் விட்டுவிடுவாராம். தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் வியாழக்கிழமையே கிளம்பி வந்துவிட்டேன். என் அம்மாவைப் பழத்தில் அடைக்க யாரையும் விடுவதாக இல்லை.

அடைப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் ஆகாது என்பார்கள். அவிட்டம் என்றால் ஆறு மாதம் அடைப்பு. இறந்தவர் படுத்திருந்த அறையை அத்தனை நாளும் மூடி வைக்க வேண்டும். உடலை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அம்மா அவிட்டத்தில் போனாள் என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொன்னார். பின்கட்டு அறையின் சுவரைக் கடப்பாரையால் இடித்து, அந்த ஓட்டை வழியாக அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோலம் போட்டுப் போட்டே தன் வாசலைத் தேய்த்தவளுக்குக் கடைசியில் அந்த வாசல் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

ஓர் அறையை மூடினால் போதும் என்றுதான் பஞ்சாங்கக்காரரே சொன்னார். அப்பா முழு வீட்டையும் பூட்டினார். மாற்றுத் துணியோடு வேங்கிக்காலுக்குப் போனோம். ஆறு மாதம் முடிந்தபோது ஆடி வந்தது. ஆடி போனால் மார்கழி வந்தது. அப்புறம் எனக்குப் பரீட்சை வந்தது. அப்பாவுக்கு வீட்டைத் திறக்கத் தைரியம் மட்டும் வரவேயில்லை.

வாசல் கதவை அந்த வியாழக்கிழமை என்னாலும் திறக்க முடியவில்லை. பூட்டு துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். ஊமத்தையும் குப்பைமேனியும் இடுப்பளவு நின்றன. அன்று இடித்த ஓட்டையைச் செங்கலை அடுக்கி மண் பூசித்தான் மூடியிருந்தார்கள். அந்த மண்ணில் ஓர் அரசங்கன்று முளைத்து, மரமாகி, செங்கல்லை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டிருந்தது. வேர்களுக்கு நடுவில் ஆள் நுழைய இடம் இருந்தது. அம்மாவை வெளியே கொண்டுபோன வழியாகவே நான் உள்ளே போனேன்.

பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வௌவால் நாற்றம் மூக்கைக் குடைந்தது. தரையில் ஒரு பாம்புச் சட்டை முழுசாகக் கிடந்தது. அம்மா படுத்திருந்த மூலையில் கரையான் புற்று என் தோள் உயரம் வளர்ந்திருந்தது. கோவைக்கொடி ஜன்னல் வழியாக வந்து, துணி உலர்த்தும் கொடிக்கயிற்றில் படர்ந்து, பழுத்துச் சிவந்து தொங்கியது. கூடத்தில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு குரங்கு எங்கள் பித்தளைச் சொம்பை உருட்டிக்கொண்டிருந்தது. ராத்திரியில் அம்மாவின் கொலுசு கேட்கிறது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்த சத்தம் இதுதான். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் எல்லார் வீட்டுக் கூரையிலும் ஓடுகின்றன. எங்கள் வீட்டில் ஓடினால் மட்டும் அது என் அம்மா.

சமையலறைக் கூரை நன்றாகவே இருந்தது. சுவர் அலமாரியின் கதவைத் திறந்தேன். உள்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி, அதன் ஓரத்தில் வரிசையாக அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகள். முகம் கழுவும்போது எடுத்து ஒட்டுவாள், அப்புறம் மறந்துவிட்டுப் புதுசு வைத்துக்கொள்வாள். எண்ணாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அழுதேன்.

கண்ணாடிக்குக் கீழே தினசரி காலண்டர். தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அம்மாவின் வேலை. அந்தக் கடைசி நாள் காலையில், காய்ச்சலோடு எழுந்து வந்து கிழித்திருக்கிறாள். அதற்கப்புறம் யார் கிழிப்பது? பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. திருவோணம் மாலை 6.20 வரை, பின்பு அவிட்டம்.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஓடியது.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "யூனிபாரத்த மாத்திக்கினு உக்காரு, அழுக்காயிடும்" என்றாள். பேசிய கடைசிப் பேச்சு அது. பால்காரர் மணி அடித்தார். எங்கள் தெருவில் அவரை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம், சரியாக ஐந்தே கால். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அம்மாவின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். ஆபீசுக்கு ஆள் ஓடியது. அப்பா அதற்குள் கிளம்பியிருந்தார். தினமும் ஆபீஸ் விட்டால் பெரிய கோயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அன்றும் சுற்றினார். ஏழு மணிக்கு வந்தார்.

இரவு பஞ்சாங்கக்காரர் நேரம் கேட்டபோது, அப்பா "ஏழு மணி" என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. அவர் வந்த நேரத்தைச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அம்மா போன நேரத்தை. அவர் வந்து பார்க்கிறவரைக்கும் அம்மாவுக்குச் சாகக்கூட அனுமதி இல்லை போலும்.

தாளைக் கிழித்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். அப்பாவின் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நான் வரும்போது ஏழு ஆயிடுச்சேம்மா."

"நீங்க வந்ததுதாம்பா ஏழு. அம்மா போனது அஞ்சே கால்."

"யாரு சொன்னா?"

"நான்தான் கூட இருந்தேன். பதிமூணு வருஷமா ஒரு ஆள் என்னைக் கேக்கல."

பால்காரர் மணியைச் சொன்னேன், பால் பாத்திரத்தைச் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காவைச் சொன்னேன். திருவோணத்துக்கு அடைப்பே இல்லை, ஓட்டை போட்டிருக்கவே வேண்டாம், வாசல் வழியாகவே அம்மா போயிருக்கலாம் என்று கத்தினேன். இன்றைக்குத் தெருவில் குழந்தைக்குச் சோறு ஊட்ட அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

எழுந்துபோய், பூஜைக்காரருக்கு என் எதிரிலேயே போன் செய்தார். வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "டைம் தப்பா சொல்லிட்டேங்க. என் தப்புதான்" என்றார். வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் வாசல் பூட்டை உடைத்து, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அப்புறம்தான் கடப்பாரை போட வேண்டும் என்றேன். சரி என்றார். அப்படித்தான் நடந்தது.

போனை வைத்தார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

யூனிபாரத்தை மாற்றச் சொன்னாள். அவ்வளவுதான். சொல்ல அரை நிமிஷம் ஆகாது.

"இத அன்னைக்குக் கேட்டிருக்கணும்பா" என்றேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருந்தார். நான் சொல்லவேயில்லை.