தபால்காரருக்கு நாற்பது விநாடி

என் அக்கா புருஷனை எல்லோரும் 'தபால்' என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் இலாகாவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பகலில் அச்சகத்தில் புத்தகம் தைப்பார். சாயங்காலமானால் நாடகக் குழு. இருபத்தாறு வருடம், ஒரே நாடகம், ஒரே வேஷம், மொத்தம் இரண்டே வசனம். இதற்கு இவ்வளவு அலட்டலா என்று நானே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்வார். மனுஷனுக்குக் கோபமே வராது. எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

நாடகத்தில், பிள்ளைகளின் பாசத்தைச் சோதிக்க ஒரு பெரியவர் செத்ததுபோலப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். குடும்பமே விழுந்து விழுந்து அழும். அத்தான் தபால்காரராக வந்து, "ரிஜிஸ்டர் தபால். ஐயாதான் கையெழுத்துப் போடணும்" என்பார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு கையெழுத்துப் போடும். அரங்கமே அதிரும். சிரிப்பு அடங்கும்வரை அத்தான் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பிறகு, "சரி, நீங்க அழுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாடகத்தில் அவர் வேலை அவ்வளவுதான்.

அக்கா இதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. முதல் பதினாலு வருடம் மாமியார் படுத்த படுக்கை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்ததும் இவளுக்கே நோய். வருஷா வருஷம் மோசமாகி, கடைசியில் இவளும் கட்டிலோடு கட்டில். "ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் என் புருஷனைப் பார்த்துச் சிரிச்சாச்சு. நான் ஒருத்திதான் பாக்கி" என்பாள்.

நான் தொலைக்காட்சி நிலையத்தில் எடிட்டர். அந்த நாடகத்தை எங்கள் நிலையம் எடுக்கப்போகிறது என்று தெரிந்ததும், டைரக்டரின் கையைக் காலைப் பிடித்து அத்தானுக்கு அதே வேஷத்தை வாங்கினேன். சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "அதைப் பார்க்கற வரைக்கும் இருந்துடுவேன்டா" என்றாள்.

படப்பிடிப்புத் தளத்தில் ஈ பறந்தால் கேட்கும். கை நீண்டது, கையெழுத்துப் போட்டது. அத்தான் தொப்பியைக் கழற்றினார், துடைத்தார், நின்றார்.

"கட்" என்றார் டைரக்டர். "என்ன சார், வசனம் மறந்துடுச்சா?"

"இல்லீங்க. சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னேன்."

"இங்க யாரு சிரிக்கறா? சிரிப்பை நாங்க அப்புறம் சேர்த்துக்குவோம். நீங்க நிக்காம சொல்லிட்டுப் போங்க."

தலையாட்டினார். மறுபடி நின்றார். ஏழு டேக், ஏழிலும் அதே தொப்பி, அதே துடைப்பு. ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"வேணும்னே செய்வேனா மச்சான்? உடம்பு தானா நிக்குது. சிரிக்கறப்ப பேசினா கடைசி வரிசைக்குக் கேட்காதே" என்றார்.

கடைசி வரிசையாம், மண்ணாங்கட்டியாம். எதிரே மூன்று காமிராவும் ஒரு சுவரும்தான் இருந்தன.

எடிட்டிங்கில் படம் ஒதுக்கிய நேரத்தைவிட நாற்பது விநாடி நீண்டது. தயாரிப்பாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அந்தத் தபால்காரர் சீனைத் தூக்கிடு. கதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். அத்தான் நின்ற நேரத்தை மட்டும் வெட்டிப் பார்த்தேன். கையிலிருந்த தொப்பி சட்டென்று தலைக்குத் தாவியது, காட்சி ஒட்டவில்லை. மற்றவர்கள் அழுகிற காட்சியில் தேடியிருந்தால் நாற்பது விநாடி தாராளமாகக் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. தூக்கிவிட்டேன்.

அத்தானிடம் அன்றைக்கே சொன்னேன். "உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். அவரால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பினார்கள். அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டி, மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலிக்குக் கொடுத்த மாத்திரை நடுவில் அவளை ஐந்து நிமிஷம் தூக்கத்தில் தள்ளியது. படம் முடிந்ததும் திருதிருவென்று விழித்தாள்.

"நீங்க வரவே இல்லையே?"

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவளே, "நான் தூங்கிட்டேனா? அப்ப வந்தீங்களா?" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா. அப்பதான் வந்தேன்" என்றார்.

அக்கா மூச்சுத் திணறத் திணற அழுதாள். "பாவி நான். இத்தனை வருஷம் காத்திருந்துட்டு... என்னை மன்னிச்சிடுங்க."

"அழாதே. மறுபடி போடுவாங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள், அவள் மனசாவது ஆறியிருக்கும். ஊரையெல்லாம் பார்த்துக் கத்துகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். தினமும் காலையில், "இன்னைக்குப் போடறாங்களாங்க? இந்தத் தடவை தூங்க மாட்டேன்" என்று கேட்பாள். எல்லாம் முடிந்து படுக்கையைச் சுருட்டியபோது தலையணை உறைக்குள் ஒன்பது மாத்திரை இருந்தது. மூன்று நாள் மாத்திரை. விழுங்கினால் தூக்கம் வந்துவிடும் என்று அத்தனை வலியையும் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறாள். அதை நான் அத்தானிடம் காட்டவில்லை.