மூடினால் அழிந்துவிடும் என்று நினைத்தவள்

பார்சல் கிடங்கில் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவளுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் ரூட் அக்கா. ஊரையே சுற்ற வைப்பவள், தான் மட்டும் நாள் முழுக்க ஒரே நாற்காலியில். அந்த நாற்காலியிலும் ஒழுங்காக உட்கார மாட்டாள். எழுவாள், ஜன்னல் வழியே வாசலைப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள்.

கோபம் வந்தால் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேலாளருக்கு ராஜினாமா மெயில் ஒன்றைத் திறப்பாள். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். கொட்டி முடித்ததும் அனுப்பாமல், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவாள். பாரம் இறங்கிவிடும். மூடியதோடு எழுத்தும் தண்ணீரில் போட்ட கோலமாகப் போய்விடுகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் போய்வந்ததில் அவளுடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஓட்டுநர்களுக்கு அனுப்ப மெயிலில் பாதி எழுதிய சாயங்கால ரூட் அதற்குள் மாட்டிக்கொண்டது. மேலாளரே பதறி ஓடி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பழுது பார்ப்பவர் எதையோ தட்டினார். திரை உயிர் பெற்றது.

"கவலையே படாதீங்கக்கா, ஒண்ணும் போகல," என்றார் பெருமையாக. "நீங்க சேமிக்காட்டியும் அதுவா சேமிச்சு வச்சிரும். இதோ பாருங்க, அனுப்பாத டிராஃப்ட் எல்லாம் பத்திரமா இருக்கு."

எல்லாமே இருந்தன. தேடிய ரூட் மேலே. அதற்குக் கீழே, திரை கொள்ளாமல், ராஜினாமா, ராஜினாமா, ராஜினாமா.

"இத்தனை தடவையா?" என்றார் மேலாளர். தன் அறைக்குள் போனார்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாள். குடித்ததை மறந்து மறுபடி குடித்தாள். வாசலுக்குப் போய் கணவருக்கு போன் போட்டாள்.

"அனுப்பாத மெயிலுக்கு யாராவது வேலையை விட்டுத் தூக்குவாங்களா?" என்றார் அவர்.

"பாத்துட்டாரேங்க!"

"தலைப்பைத்தானே பாத்தாரு? உள்ள என்ன எழுதுன?"

"அவரை மாடுன்னு ஒண்ணுல எழுதியிருக்கேன்."

"எதுக்கும் உன் சாப்பாட்டு டப்பாவை எல்லாம் பையில எடுத்து வச்சுக்கோ," என்றார் கணவர்.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர் உட்காரச் சொன்னார், அவள் நின்றாள்.

"என்னம்மா கோபம் உனக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் உள்ளே வந்தாள். வாய் கேட்கவில்லை. "வெளியூர் போய்ட்டு வர்ற டிரைவரை முகம் கழுவக்கூட விடாம அடுத்த வண்டியில ஏத்துறோம் சார். நம்ம டிரைவர் நெட்டையண்ணன் தூக்கமில்லாம கண் அசந்து கேட் தூண்ல மோதினாரே, அவர் மேல பழி போட்டீங்க. அந்த ரூட்டைப் போட்டது நான். போடச் சொன்னது நீங்க."

"இதை என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். நீங்க போன்ல இருந்தீங்க. தலையாட்டுனீங்க."

மேலாளர் மேசையைப் பார்த்தார். "நான் தலையாட்டினா நம்பாதேம்மா," என்றார். பிறகு, "டிரைவர் விஷயத்தை மட்டும் எழுதி அனுப்பு. மேலிடத்துல பேச என் கையில எழுத்தா ஒண்ணு வேணும்," என்றார்.

அவள் திரும்பி வந்து பழைய டிராஃப்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் வசவு. ஒன்றில் அழுகை. இன்னொன்று 'நான் மட்டும்' என்பதோடு நின்றிருந்தது; அதற்கு மேல் என்ன நினைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒன்றும் உதவாது. புதிதாக எழுதினாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் கீழே 'சேமிக்கப்பட்டது' என்று மின்னிக்கொண்டிருந்தது, யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதுபோல. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

மேலிடத்திலிருந்து 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, அதோடு சரி. ஆனால் மேலாளர் தன் பொறுப்பிலேயே, வெளியூர் போய் வரும் ஓட்டுநர் தூங்கி எழாமல் அடுத்த வண்டியைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார். அதனால் ரூட் அக்காவுக்கு வேலை இரட்டிப்பானது. ஆள் போதவில்லை, போன் ஓயவில்லை. பக்கத்து அறையில் தூங்கும் நெட்டையண்ணன் விடும் குறட்டை வேறு சுவரைத் துளைத்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து போனாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, அவர் வண்டிக்கு வேறு ஆளைத் தேடினாள்.