கேட்கீப்பர் படத்தில் மழை பெய்ததா?

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், திருப்பாச்சூர் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் அப்பா, கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்கார அக்கா. வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பந்தயத்துக்கு யார் சாட்சி என்று பிற்பாடு பெரிய தகராறு வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனிக்கும் லீவு, நான் பேக்கிங்கில் இருக்கும் கம்பெனிக்கும் லீவு. கவரைப்பேட்டையில் எங்களுடையது மாடி வீடு. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டால் புதிதாக வந்த ஒரு டோல்கேட் படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தது கொஞ்சம், பார்த்தது எல்லாம் சினிமா. ஒரு பழைய படத்தை யாராவது திரும்ப எடுத்துவிட்டால் போதும், எதை மாற்றினான், ஏன் மாற்றினான், நானாக இருந்தால் எதை மாற்றியிருப்பேன் என்று மண்டைக்குள் ஒரு திருவிழாவே நடக்கும்.

இந்த டோல்கேட் படத்துக்கு மூலம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு ரயில்வே கேட்கீப்பர். மில் முதலாளி ஒருவர் பிரசவ வலியில் துடிக்கும் மகளைக் காரில் வைத்துக்கொண்டு வந்து, கேட்டைத் திற என்று கெஞ்சுவார். ரயில் வரும் நேரம். கேட்கீப்பர் திறக்கமாட்டார். குழந்தை தங்காது. முதலாளி பழிவாங்கக் கிளம்புவார். கடைசியில் கேட்கீப்பரின் சொந்த மகன் பாம்பு கடித்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டு வண்டியில் கிடப்பான். அப்போதும் ரயில் வரும். அப்போதும் அவர் திறக்கமாட்டார். முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று நிமிடம் வசனமே கிடையாது.

புதுப் படத்தில் ரயில்வே கேட் டோல்கேட் ஆகிவிட்டது. மாட்டு வண்டி ஆம்புலன்ஸ் ஆகிவிட்டது. கடைசியில் கொட்டுகிற மழையில், டோல்கேட்டில் வேலை செய்யும் கதாநாயகன் முப்பது பேரை அடித்துப் போட்டுவிட்டு, குறுக்கே நிற்கும் கட்டையை முழங்காலால் உடைக்கிறார்.

அப்பா டிவியைப் பார்த்து உட்காரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதை மட்டும் டிவிக்குக் கொடுத்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. வரப்பில் நடந்தவர் வாய்க்காலில் விழுந்த பிறகுதான் தம்பி அவரைக் கொண்டுவந்து என்னிடம் விட்டான். ஆபரேஷன் என்ற சொல் வந்தாலே எழுந்து போய்விடுவார். அவருக்குத் தெரிந்த யாருக்கோ ஆபரேஷன் செய்து, இருந்த பார்வையும் போய்விட்டதாம். இன்னும் தள்ளிப்போட்டால் முற்றிவிடும், அப்புறம் சிரமம் என்று டாக்டர் சொன்னது எனக்குச் சோறு வடிக்கும்போதும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மாவே பயப்படுகிறவள். காஸை மூடினேனா என்று பார்க்கக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பி ஓடியவள்.

டிவியில் கட்டை உடைந்ததும் அப்பா சிரித்தார்.

"பழசுல கேட்டத் தொறக்காம நிக்கறான் பாரு, அதாம்மா கத. இவன் கேட்டயே ஒட்ச்சிட்டா அப்பறம் இன்னா கத கீது?"

நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். "நைனா, இதுலதான் அவம் பொண்டாட்டி வாயத் தொறந்து கேக்கறா. எம்புள்ளய விட உனுக்கு ரூலு பெர்சான்னு கேக்கறா. பழசுல அவளுக்கு அழுவறதத் தவுர வேலயே கெடயாது."

"அவ அழுதா நமக்கும் அழுவ வந்துச்சு. இவ கத்தறா, காது வலிக்குது."

"டோல்கேட்ல எவன் மாமா அழுவான்?" என்று என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். "கார்டுல பேலன்ஸ் இல்லாதவந்தான் அழுவான்."

"ஒண்ணே ஒண்ணு ஒயுங்கா எட்துருக்கான் மாப்ள. மழ. பழசுல எப்டி கொட்டுச்சோ அதே மாரி கொட்டுது."

நான் திரும்பினேன். "பழசுல ஏது மழ?"

"இன்னாது?"

"கடைசி சீன்ல மழையே கெடயாது நைனா. பட்டப்பகல், வெயிலு. போன வாரங்கூட போன்ல பாத்தேன்."

"ஏய், அந்தப் படம் எங்கூரு டெண்ட் கொட்டாயில ஓடசொல்ல தெனமும் பாத்தவன் நானு. சோன்னு கொட்டுச்சு."

போனை எடுத்தேன். கடைசிக் காட்சியைத் தேடிப் போட்டு அவர் காதருகே பிடித்தேன். தேய்ந்துபோன பிரிண்ட். படம் முழுக்கக் கரகரவென்று ஒரே இரைச்சல்.

"தோ! கேக்குதா? மழ!"

"அது பிரிண்டு தேஞ்ச சத்தம்!"

"மழ சத்தம் எனுக்குத் தெரியாதா? பயிர் வெக்கறவன்டி நானு."

அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "பெரியவரே, எனுக்கும் வெயிலாத்தான் தெரியுது."

"நீ சீரியல் பாத்துப் பாத்து உனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சி."

"யாருக்கு? எனுக்கா?" என்று அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க பால்கனிக்கு ஓடிவிட்டார்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆயிரம் ரூபா பந்தயம். மழ இருந்தா நீ குடு. இல்லன்னா நான் குடுக்கறேன்."

"யாரு சொன்னா ஒத்துக்குவ?"

"எவன் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். எங்கண்ணால பாத்தாத்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டிவியில் விளம்பரம் ஓடியது. பால்கனியிலிருந்து என் வீட்டுக்காரரின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"அப்ப செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாமா மாமா?"

நான் எட்டி டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஒரு கண்ணுதான்," என்றார் அப்பா. "மழயப் பாக்க ஒரு கண்ணு போதும்."

மாதக்கணக்கில் நான் கெஞ்சினேன், தம்பி சண்டை போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மழை அவரைக் கிளப்பிவிட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த ஆனந்தம் அக்கா மாடிப்படி இறங்கிப் போகும் வரைக்கும்தான். அதற்கப்புறம் பயம் ஆரம்பித்தது. சினிமாவில் ஜெயிப்பதற்காக அப்பாவின் கண்ணைப் பணயம் வைத்துவிட்டேனே என்று புரண்டு புரண்டு படுத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் தம்பியிடம் என்ன சொல்வேன்? மழை பெய்ததா இல்லையா என்று பார்க்கப் போனோம் என்றா சொல்வேன்?

ஆரணி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். என்னென்ன ஆபத்து வரலாம் என்று வரிசையாக எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். பரிசோதனை எல்லாம் முடிந்து ஆபரேஷன் நாளன்று ஒரு நீள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் பச்சை அங்கி. எந்தக் கண் என்று தெரிவதற்காகப் புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரி. அப்பாவுக்கு வலது கண். சரியான பக்கம்தான் ஒட்டியிருக்கிறார்களா என்று நர்ஸிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"உங்களுக்கும் ஒண்ணு ஒட்டட்டாம்மா?" என்றார் நர்ஸ்.

பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்ன சமாச்சாரம் என்று அவர் கேட்க, அப்பா கேட்கீப்பர் கதையை ஆரம்பித்தார். குரலை ஏற்றி இறக்கி, ரயில் சத்தம், சங்கிலிச் சத்தம், முதலாளியின் கனைப்பு என்று எல்லாவற்றையும் வாயாலேயே கொண்டுவந்தார். பெஞ்சு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"எங்க பக்கம் எடுத்தா கேட்டு வேணாம்," என்றார் பழவேற்காட்டு அம்மா. "அல பெர்சா கீறசொல்ல எவனும் படக எறக்கக் கூடாதுன்னு ஒருத்தன் கரையில நின்னுக்கினு தடுக்கறான். பணக்காரன் ஊட்டுப் புள்ள கடல்ல மாட்டிக்கினான்னாலும் உட மாட்டேங்கறான். அப்பறம் ஒரு நாளு அவம்புள்ளயே மாட்டிக்கறான்."

எனக்குப் பயமெல்லாம் மறந்துபோய்விட்டது. "ஆமாக்கா! கரையில நிக்கறவன் கையில ஒரு லைட்டு!"

"லைட்டு இன்னாத்துக்கு? அவன் நிக்கறதே போதும்."

அந்த ஒரு வார்த்தையில் என் மண்டைக்குள்ளும் ஒரு படம் ஓட ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி மாதிரி ஒரு கம்பெனி. கேட்டில் ஒரு பெண் செக்யூரிட்டி. உள்ளே காஸ் கசிந்து சைரன் ஊதுகிறது. உள்ளே மாட்டியவர்களின் வீட்டார் வெளியே நின்று கேட்டை உலுக்குகிறார்கள். திறந்தால் அவர்களும் உள்ளே ஓடிப்போய் விழுவார்கள். உள்ளே இருப்பவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். வெளியே உலுக்குகிறவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி. அவள் பேசவும் மாட்டாள், அழவும் மாட்டாள், சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படபடவென்று சொல்லி முடித்தேன். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கையைக்கூடத் தட்டினார்.

"மழ வெச்சிக்க," என்றார் அப்பா.

"மழ கெடயாது நைனா!"

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாம்பு கடித்த பையன் வண்டியில் கிடக்கிறான், ரயில் ஊதிவிட்டது, கதை அங்கே நிற்கிறது. "முடிவச் சொல்லிட்டுப் போய்யா," என்று பெஞ்சு கத்தியது. "வந்து சொல்றேன்," என்று கதாநாயகன் மாதிரி கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. நான் பிளாஸ்திரி ஒட்டாத ஆட்களோடு நின்றுகொண்டு நகத்தைக் கடித்தேன்.

வெளியே வந்தபோது ஒரு கண்ணில் கட்டு. வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டது இதுதான்: "முடிவ நீ சொல்லிட்டியா?"

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சுருக்கி, விரித்து, சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமே, இப்டி எளச்சிட்ட?"

நான் கண்ணைத் துடைப்பதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். "போன எடு."

கொஞ்ச நாள் கண்ணை வருத்தாமல் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். நான் அதை அடுத்த ஞாயிறு வரைக்கும் என்று ஆக்கி, போனை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. கண்ணைக் கசக்குகிறாரா என்று அவர் தூங்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "தூங்கறவன் மூஞ்சியப் பாத்துக்கினு பேஜாரு பண்றா மாப்ள," என்று புகார் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அதே நான்கு பேர். போனில் இருந்த பழைய படத்தை டிவிக்கு மாற்றி முதலிலிருந்து போடச் சொன்னார். ஒவ்வொரு முகம் வரும்போதும் "இவனா அவன்?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார். தினமும் பார்த்தவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்குள் ஏதோ உறுத்தியது.

கடைசிக் காட்சி. வெள்ளை வெளேரென்று வெயில். கேட்கீப்பரின் நிழல் தண்டவாளத்தில் விழுந்து கிடந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். மறுபடி போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் கண்ணால் ஒரு முறை பார்த்தார்.

"பம்புசெட்டும்மா," என்றார்.

"இன்னா நைனா?"

"ராத்திரிதான் கரண்டு வரும். நெலத்துல தண்ணி பாய்ச்சிக்கினு கெடப்பேன். டெண்ட் கொட்டாய் சத்தம் காத்துல அப்டியே வரும். தெனமும் அங்க குந்திக்கினே கேட்டேன். பாக்கல. டிக்கெட்டுக்கு ஏது டப்பு? பம்புத் தண்ணி தொட்டியில கொட்டிக்கினே இருக்கும். அத்த நானு மழன்னு..."

அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் அப்பாவே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் யாருமே பார்க்காத ஒரு படத்தை இந்த மனிதர் இத்தனை வருஷம் உள்ளே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

"உன்னுதுல கடைசி சீனு எப்டி நைனா? சொல்லு, சீக்கிரம் சொல்லு."

"மழ கொட்டுது. கேட்டு மூடிக்கினு கீது. அவம் பொண்டாட்டி நனஞ்சிக்கினு நிக்கறா. மொதலாளி போயி தன்னோட கோட்டக் கழட்டி அவ தலைக்கு மேல புட்ச்சிக்கினு நிக்கறான். ரயிலு போற வரிக்கும் புட்ச்சிக்கினே நிக்கறான். அவ்ளோதான்."

"கோட்டு எங்கேர்ந்து மாமா வந்துச்சு?"

"மொதலாளின்னா கோட்டு போட மாட்டானா மாப்ள?"

பழையதில் அந்தப் பெண் அழுதாள். புதியதில் கத்தினாள். இதில் பகையாளி அவளுக்குக் குடை பிடிக்கிறான். யாராவது இதை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் வீடு முழுக்கக் குதித்தேன். கீழே தன் வீட்டு ஆட்களுக்குச் சத்தம் கேட்கும் என்று அக்கா அதட்டினார்.

அப்பா அதற்குள் கணக்குக்கு வந்துவிட்டார். பந்தயத்தில் தோற்றது உண்மைதான், ஆனால் அவர் கேட்டதில் மழை இருந்ததால் அதற்குக் கழிக்க வேண்டுமாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், வெயில் கட்சிக்காரி சாட்சி சொல்லக் கூடாது என்றார். இடுப்பிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்த டோல்கேட்காரன ரெண்டு கண்ணாலயும் பாத்துத்தான் திட்டணும், அடுத்த கண்ணுக்கு எப்ப வரச் சொன்னாங்க?" என்று அவராகவே கேட்டார்.

அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். இந்தத் தடவை சரியாக இடது பக்கம் பிளாஸ்திரி ஒட்டுவார்களா என்று இப்போதே எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவோ, அதுவும் நல்லபடியாக முடியட்டும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்கிறார். அப்பா எனக்குத் தரவேண்டிய பாக்கி எண்ணூறு ரூபாய்.