பாம்பன் மீன் தராசில் ஏறிய என் மனைவி

இது கோயிலுக்கோ கடலுக்கோ போன பயணம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தீர்த்தமாட எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். போன மாசி மாதம் நானும் என் மனைவி செல்வியும் மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து பாம்பனுக்கும் போனது ஓர் இதய டாக்டரைப் பார்க்க.

செல்விக்கு இதயம் பலவீனம். அடைப்பு ஏதுமில்லை, ஆனால் ரத்தத்தைத் தள்ளும் சக்தி பாதிக்கும் கீழே போய்விட்டது. அப்படியானால் உடம்பில் தண்ணீர் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஒரே வருடத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தண்ணீரை வடித்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை வீடு திரும்பும்போது ஆட்டோவிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ என்னைய அங்கன படுக்க வச்சீங்கன்னா நான் உசுரோட வீடு திரும்ப மாட்டேன், பாத்துக்கங்க." விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை அவள். நாலாவது முறை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

நான் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். அதில் ஒன்பது வருடம் மதுரை - ராமேஸ்வரம் ரூட். என்னோடு டிரைவராக இருந்த பரமக்குடிக்காரர்தான் இந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். "எங்க மச்சான் அந்தம்மாகிட்ட போனதுல இருந்து ஆஸ்பத்திரி வாசல மிதிக்கல மாப்ள. கெளம்பு." அதற்குமேல் எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

பஸ்காரனாகிய நான் ரயிலில் போனேன். காரணம் தண்ணி மாத்திரை. இதய நோயாளிகளுக்குச் சிறுநீர் நிறையப் போக ஒரு மாத்திரை கொடுப்பார்கள், அதைப் போட்டால் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். பஸ்ஸில் அது முடியாது. காலை 6.50 பாசஞ்சர், ஆளுக்கு 40 ரூபாய், ராமநாதபுரம் 110 கிலோமீட்டர். ஆறேகாலுக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நான் கட்டினேன். ஒரு துண்டை மடித்து உரியவர் மடியிலேயே வைத்தேன், அவர் பரமக்குடி வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் செல்வி மாத்திரையைப் போடவில்லை. "ரயிலு கக்கூஸ நம்பி எவ போடுவா?" என்றாள். முந்தின நாளும் ஒரு கல்யாண வீட்டைச் சாக்காக வைத்துப் போடவில்லை. நானும் பேசாமல் விட்டேன். என் மேல் கோபப்படுங்கள், தகும்.

ஒன்பது மணிக்கு ராமநாதபுரம். ஸ்டேஷனிலிருந்து கிளினிக்குக்கு ஆட்டோ 60 ரூபாய். டாக்டர் தன் பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் டாக்டரம்மா என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 11.10-க்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை அங்கிருந்த நர்ஸ் எனக்கு டாக்டரம்மா கதையைச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு ஊர் அபிராமம் பக்கம். குண்டு மிளகாய் சாகுபடி செய்யும் சம்சாரி வீடு. அரசு காலேஜில் படித்து, இதயத்துக்கு மேல்படிப்பு முடித்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் அடைப்பு எடுக்கிற வேலை பார்த்திருக்கிறார். நல்ல பெயர். ஆனால் இதயம் தளர்ந்தவர்கள் மட்டும் வீட்டுக்குப் போன ஒரு மாதத்தில் மறுபடி அதே வாசலில் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கிளம்பி இங்கே வந்துவிட்டார். "கூட இருந்த டாக்டருக எல்லாரும், இது தண்ணி வடிக்கிற வேலை, இதுல என்னம்மா ஆராய்ச்சின்னு கேட்டாகளாம்," என்றார் நர்ஸ். எனக்கு அப்போதே அந்த அம்மாள் மேல் மரியாதை வந்துவிட்டது. முன்னே போகிற வண்டியை எல்லோரும் பார்ப்பார்கள், இறங்கின பயணி வீடு போய்ச் சேர்ந்தாரா என்று யார் பார்க்கிறார்கள்?

டாக்டரம்மா முதலில் கேட்டது எடை நோட்டு. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யுங்கள் என்று மதுரையிலேயே சொல்லியிருந்தார்கள். ஏறுகிற எடை சதை அல்ல, தேங்குகிற தண்ணீர். ஒருமுறை ஏறியபோது நேர்மையாக எழுதிப் போன் செய்தேன். கூட்டி வா என்றார்கள், ஒன்பது நாள் படுக்க வைத்துவிட்டார்கள். அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு மெஷின் 63 காட்டினாலும் நான் 61 என்று எழுதினேன். டிக்கெட்டில் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டறியாத கை இது. மற்ற இரண்டு தடவையும் நோட்டில் 61 இருக்கும்போதே அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். செல்வியின் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், குழி அப்படியே நின்றது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "தண்ணி மாத்திரை போட்டீங்களாம்மா?" "போட்டேன்," என்றாள் செல்வி, கண் சிமிட்டாமல். நல்ல ஜோடி நாங்கள்.

"நெஞ்சுல இன்னும் தண்ணி ஏறல. நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு பாம்பன் மீன் கொட்டகைக்கு வாங்க, அங்கன எடை பார்ப்போம். ராத்திரி மூச்சு முட்டுனா எத்தன மணியானாலும் கூப்பிடுங்க. நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்," என்று நம்பரை எழுதிக் கொடுத்தார். பரீட்சைத்தாளைப் பிடுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது எனக்கு.

மாத்திரைதான் போடவில்லையே, பகல் 2.20-க்குப் பாம்பன் பஸ். சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். பாலத்தில் ஏறியதும் பாதிப் பேர் செல்போனோடு எழுந்து வலப்பக்கம் இடப்பக்கம் என்று ஆடினார்கள். இளவயது கண்டக்டர், "ஒக்காருங்கய்யா, பாலம் எங்கயும் ஓடிப்போகாது!" என்று கத்தினார். சபாஷ் என்றேன். பாம்பனில் தரைத்தளத்தில், மேற்கத்திய கழிவறையோடு அறை 900 ரூபாய். வழியெங்கும் வெயிலில் கருவாடு. செல்வி மூக்கால் வாசனையை இழுத்துக்கொண்டே நடந்தாள். உப்பு அவளுக்கு ஆகாது. இழுக்க மட்டும்தான் அனுமதி.

மறுநாள் காலை 5.50-க்கு மீன் இறங்கும் கொட்டகைக்குப் போனோம். படகுகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தரையோடு கிடக்கும் பெரிய எலக்ட்ரானிக் தராசுக்கு முன்னால் பதினைந்து பேர் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் இதய நோயாளிகள். இந்தக் கரையில் பல வீடுகளில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது, இருந்தாலும் உப்புக்காற்றில் துருப்பிடித்து வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆனால் மீன் தராசு பொய் சொன்னால் இங்கே அடிதடியே நடக்கும். அதனால் அது சரியாக இருக்கும். இதை யோசித்தவர் டாக்டரம்மாதான். இப்படி மூன்று இடங்களில் தினமும் எடை எடுத்து, யாருக்கு எப்போது தண்ணீர் ஏறுகிறது என்று பார்த்து, ஏறத் தொடங்கும்போதே மாத்திரையைக் கூட்டிக்கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்.

தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் அந்தோணி. நாற்பது வருடமாக மீன் நிறுப்பவர். "மதுரையா? ஒக்காருங்க. டாக்டரம்மா வந்துருவாக," என்று ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பேச்சு கொடுத்தேன். அவர் சொன்ன கதைக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

"மொதல்ல மூணு வருசம் நான் எல்லாருக்கும் கழிச்சுத்தான் எழுதுனேன்," என்றார். மீன் நனைந்து வருவதால் நிறுக்கும்போது தண்ணிக் கழிவு என்று கொஞ்சம் குறைத்துப் போடுவது இங்கே வழக்கம். எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தே கழிப்பார்கள். மனிதர்களுக்கும் கை அதே பழக்கத்தில் போயிருக்கிறது. "வேர்த்திருந்தா அரை, ஒரு கிலோ. காலு வீங்கியிருந்தா ரெண்டு மூணு கிலோ. அது தண்ணிதானே, அவுக ஒடம்பு இல்லியே? நாயமா நிறுக்கணும்ல?"

ஒரு நாள், கருவாடு காய வைக்கும் ஓர் அம்மாளை மூச்சுவிட முடியாத நிலையில் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். நோட்டில் வாரம் முழுக்க ஒரே எடை. டாக்டரம்மா மறுநாள் நேரே இங்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தராசில் ஏறியிருக்கிறார்.

"அறுவத்தொண்ணுன்னு எழுதுனேன். 'அண்ணே, மெஷின்ல அறுவத்திரண்டு நிக்கிது'ன்னாக. 'ஒரு கிலோ தண்ணிக் கழிவும்மா'ன்னேன். அப்பிடியே இந்தப் பெட்டியில ஒக்காந்துட்டாக. பொறவு, 'அந்தத் தண்ணியத்தாண்ணே நான் மூணு வருசமாத் தேடுறேன்'னாக."

"உங்களை ஏசினாங்களா?"

"ஒரு வார்த்த வையல. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருந்தாகளாம், அதத் திருப்பி வாங்கிட்டாக. மூணு வருசத்து நோட்டையும் வேணாம்னு ஒதுக்கிட்டாக. எனக்குச் சோறு எறங்கல. ஆள மாத்திருங்கம்மான்னேன். 'கழிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தாண்ணே கழிக்காம எழுதவும் தெரியும். நாளைக்கி மொதப் பக்கம்'னு புது நோட்டக் கையில குடுத்துட்டாக. அந்த வேன்ல போன அம்மா, அந்தா நிக்கிது பாருங்க, மூணாவது ஆளு."

யோசித்துப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு. அது தப்பு என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் பெயரும் கிடைத்திருக்கும். டாக்டரம்மா முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பிறகு எழுதிய கட்டுரையில் இந்தக் கழிவுக் கதையையும் சேர்த்தே எழுதினாராம், வேறு ஊரில் வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்று. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. கும்பிடுகிற யோக்கியதைதான் இல்லை.

டாக்டரம்மா ஆறரைக்கு வந்தார், கையில் எங்கள் நோட்டு. விரித்து என் முன்னால் வைத்தார். "நிஜ எடை தெனமும் நூறு, எரநூறு கிராம் ஆடும்ணே. இது நாலு மாசமா அறுவத்தொண்ணுல ஆணியடிச்ச மாதிரி நிக்கிது. இதுல யாரு கழிக்கிறது?"

பதினைந்து பேர் முன்னால் அழுதுவிட்டேன். அறுபத்தொரு வயதில். "நாந்தாம்மா. ஏறுச்சுன்னா படுக்க வச்சுருவாங்கன்னு பயந்துட்டேன்," என்றேன்.

செல்வி என் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாதாக்கும்? மெஷின்ல ஏறுறவ நானு, நான் என்ன குருடியா? நீங்க பயப்படுறீங்களேன்னு நானும் வாயத் தொறக்கல. நேத்து மாத்தரயும் போடலம்மா, பொய் சொன்னேன்."

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஒரு கிலோ ஏறயில சொன்னா அரை மாத்திரையோட போயிரும். மறைச்சு அஞ்சு கிலோ ஆனாத்தான் ஆஸ்பத்திரி. நீங்க எதுக்குப் பயந்து கழிச்சீகளோ, கழிச்சதுனாலதான் அது மறுபடி மறுபடி வந்துச்சு. ஏறுங்கம்மா."

செல்வி ஏறினாள். அந்தோணி வாய் திறக்கும் முன்னே அவளே கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "அறுவத்திமூணு நானூறு! கழிவு கெடையாது!" வரிசையே சிரித்தது. நான் எழுதினேன், 63.4.

இரட்டை மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் பாம்பனிலேயே தங்கச் சொன்னார். தினமும் காலை, மாலை வந்து கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் 61.9. ஆஸ்பத்திரிப் படுக்கையில்லாமல், லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டே தண்ணீர் இறங்கியது. ராமேஸ்வரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, போகவில்லை.

இதய நோயாளியோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில் வாருங்கள், கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பாருங்கள். பயணம் என்று தண்ணி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லாட்ஜில் தரைத்தளம் கேளுங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கருவாட்டை ஊர் திரும்பி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் வாங்குங்கள். நாங்கள் கால் கிலோ நெத்திலி வாங்கி அப்படித்தான் செய்தோம், எரிச்சலோடு. இரண்டு பேருக்கும் நான்கு நாளில் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

ஊர் வந்த பிறகு எங்கள் வீட்டில் செல்விதான் எண்ணை வாசிக்கிறாள், நான் எழுதுகிறேன். திங்கட்கிழமை 61.8. நேற்று 62.1. இன்று காலை 62.9. எழுதிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ராமநாதபுரத்துக்குப் போன் போட்டேன்.

"அரை மாத்திரை கூடக் குடுங்கண்ணே. நாளைக்கி நம்பரச் சொல்லுங்க," என்றார்.